முள்முருங்கை: வேலியில் நிற்கும் செல்வம்

(கோலா குபு பாரு வட்டாரத் தோட்டக் குடும்பத்தினருக்காக ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மரம். பேசுவதற்கு வேறு பொருளே இல்லையா என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டு வசதி, பிள்ளைகளின் கல்வி, வேலைவாய்ப்பு என்று எத்தனையோ கவலைகள் நம்மைச் சூழ்ந்திருக்கையில் வேலியோரத்து மரத்திற்கு என்ன சிறப்பு என்று கேட்கலாம். அந்த மரம் நம் கல்யாணப் பந்தலிலும், வெற்றிலைத் தட்டிலும், குழந்தைக்குச் சளி பிடித்த நாளின் அடுப்படியிலும், ஒரு காலத்தில் நம் முன்னோர் உழைத்த மலைத்தோட்டங்களிலும் இடம்பெற்று வந்துள்ளது. இத்தகைய மரம் இன்று பல இடங்களில் நோயுற்று நிற்கின்றது; வேறு சில இடங்களில் பெயர் தெரியாத காரணத்தால் வெட்டப்படுகின்றது. ஆகவே அதனைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நம் கடமையாகும்.

அம்மரம் முள்முருங்கை. கல்யாண முருங்கை என்றும், முள்முருக்கு என்றும் வழங்குவதுண்டு. மலாய் மொழியில் இதனை டெடாப் என்பர்; ஜாவா மக்கள் டாடாப் என்பர். விஞ்ஞானிகள் இவ்வினத்திற்கு எரித்ரினா என்று பெயரிட்டுள்ளனர். சிவப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இப்பெயரைத் தம் நூலில் பதிவு செய்தார். இவ்வினத்தில் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

பெயரால் வரும் மயக்கம்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவு செய்துகொள்வோம். முருங்கை என்றவுடன் சாம்பாரில் போடும் முருங்கைக்காய் நம் நினைவிற்கு வருகின்றது. அந்த முருங்கை வேறு, இந்த முள்முருங்கை வேறு. இரண்டும் பெயரளவில்தான் உறவு, குடும்பத்தால் உறவில்லை. முருங்கைக்காய் காய்க்கும் மரத்தின் இலை மிகச் சிறியது; முள்முருங்கையின் இலையோ கையகலம் உள்ளது. ஒரே காம்பில் மூன்று மூன்றாக அமைந்து, நடு இலை பெரிதாகவும் பக்க இலைகள் சற்றுச் சிறியனவாகவும் இருக்கும். கிளைகளில் கருநிறமான குட்டை முட்கள் காணப்படும். காய் கணுக்கணுவாக முற்றிக் கறுத்துப்போகும்.

முள்முருங்கை அவரை, பயறு, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொன்றையும் அகத்தியும் புளியும்கூட அக்குடும்பத்தின் உறுப்பினர்களே. பச்சைப் பயற்றுச் செடிக்கும் நாற்பது ஐம்பது அடி உயரம் வளரும் முள்முருங்கைக்கும் உறவுண்டு என்றால் வியப்பாகத்தான் இருக்கும். ஆயினும் காயை உரித்துப் பார்த்தால் அவ்வுறவு விளங்கிவிடும்.

இம்மரம் ஆண்டில் ஒரு முறை இலை உதிர்க்கும் இயல்புடையது. நம் நாட்டில் குளிர்காலம், இலையுதிர்காலம் என்று தனித்தனிப் பருவங்கள் இல்லாவிடினும், மழை குறைந்து வெயில் நீடிக்கும் வாரங்களில் இம்மரம் தன் இலைகளைக் கொட்டிவிடும். பட்டுப்போன மரமோ என்று ஐயுறும் நிலையில், வெற்றுக் கிளைகளின் நுனியில் செந்நிறப் பூங்கொத்துகள் தோன்றும். பால்வெட்டும் தொழிலாளர்களுக்கு இது புதுமையன்று. ரப்பர் மரமும் இவ்வாறே ஆண்டுக்கொரு முறை இலை உதிர்த்துப் பின் தளிர்ப்பதை நாம் அறிவோம். ஆனால், ரப்பர் மரத்தின் பூ கண்ணுக்குப் புலப்படாத சிறுமை உடையது. முள்முருங்கையின் பூவோ தொலைவிலிருந்தே நெருப்புப் போலத் தெரியும். சிவப்பு நிறம் பறவைகளைக் கவரும் நிறம். தேன்சிட்டும் மைனாவும் தேனுக்காக வந்து, அலகிலும் நெற்றியிலும் மகரந்தத்தைச் சுமந்து சென்று மரத்திற்கு உதவுகின்றன.

இப்பூவைக் கண்ட மக்கள் உலகெங்கும் ஒரே வகையாகச் சிந்தித்திருப்பது இன்பம் தரும் செய்தியாகும். சங்க இலக்கியத்தில் கவிர் என்னும் மலர் பேசப்படுகின்றது. அது முள்முருக்கின் பூவே என்பது அறிஞர் கொள்கை. சேவலின் கொண்டைக்கு அப்பூவைப் புலவர் உவமை கூறினர். தென் அமெரிக்காவின் அர்ஜெண்டினாவில் வளரும் முள்முருங்கை வகைக்கு விஞ்ஞானிகள் இட்ட லத்தீன் பெயரின் பொருளும் சேவற்கொண்டை என்பதேயாகும். அப்பூவினை அர்ஜெண்டினா 1942-ஆம் ஆண்டில் தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டது. அண்டை நாடாகிய உருகுவேயின் தேசிய மலரும் அதுவே. ஜப்பானின் ஓக்கினாவா மாநிலம் 1967-இல் தன் மாநில மலராகத் தேர்ந்தெடுத்தது நம் வேலியில் நிற்கும் அதே முள்முருங்கையைத்தான். நாடுகள் பல போற்றும் மரத்தை நாம் குப்பைமேட்டில் தள்ளுவது முறையாகுமா?

வேரில் இயங்கும் உரச்சாலை

அழகு ஒருபுறமிருக்க, இம்மரத்தின் தலையாய பயன் மண்ணுக்கடியில் உள்ளது.

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வாயுவாகும். பயிர்களுக்கு நைட்ரஜன் இன்றியமையாதது. ஆனால் காற்றில் உள்ளதை அவை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. அவரைக் குடும்பத்துத் தாவரங்களின் வேர்களில் சிறு சிறு முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து, செடி உண்ணும் உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. அதற்குக் கூலியாகச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. குடியிருப்பவனும் வீட்டுக்காரனும் ஒருவரையொருவர் வாழவைக்கும் ஏற்பாடு இது. முள்முருங்கையின் இலை உதிர்ந்து மண்ணில் மக்கும்போது அந்நைட்ரஜன் நிலத்தைச் சேர்கின்றது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இவ்வுண்மையை நூல் கொண்டு கற்பிக்க வேண்டுவதில்லை. இளம் ரப்பர் கன்றுகளின் நிரைகளுக்கிடையே படர விடப்பட்ட கொடிகளை நீங்கள் நன்கறிவீர்கள். புவேரேரியா, சென்ட்ரோசிமா, கலபகோனியம் என்னும் அக்கொடிகள் யாவும் அவரைக் குடும்பத்தவையே. 1925-இல் தோற்றுவிக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இக்கொடிகளின் நன்மையை ஆராய்ந்து தோட்டங்களுக்கு எடுத்துரைத்தது. கொடி படர்ந்த நிலத்தில் மழைநீர் மண்ணை அரிக்காது, களை குறையும், கன்று விரைந்து பருமனடைந்து பால்வெட்டுக்கு வரும். கொடி தரையில் செய்யும் அதே தொண்டினை முள்முருங்கை நிமிர்ந்து நின்று செய்கின்றது.

மண்ணரிப்பைப் பற்றிக் கோலா குபு பாரு மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேறு சான்று தேவையில்லை. இவ்வூரின் பெயரில் உள்ள பாரு என்னும் சொல்லே அதற்குச் சான்றாகும். பழைய கோலா குபு 1883 அக்டோபர் 29-ஆம் நாள் அணை உடைந்து பெருக்கெடுத்த வெள்ளத்தில் சிக்கியது. அன்றைய அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் உயிரிழந்தனர். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண்ணும் மணலும் ஆற்றின் படுகையை மேலும் மேலும் உயர்த்திக்கொண்டே வந்தன. வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. 1926-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், ஊரையே மேட்டு நிலத்திற்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவு உறுதியாயிற்று. நகரமைப்பு வல்லுநர் சார்லஸ் ரீட் வகுத்த திட்டத்தின்படி, மரங்களும் திறந்த வெளிகளும் சூழ்ந்த பூங்கா நகராகப் புதிய ஊர் உருவாயிற்று. மலையில் மண்ணைப் பிடித்து நிறுத்தாவிடில், அம்மண் கீழே உள்ள ஊரைப் பிடித்துக்கொள்ளும். வரலாறு நமக்குப் புகட்டிய பாடம் இதுதான்.

முன்னோர் அறிந்த மரம்

இந்நாட்டிற்கு ரப்பர் வருமுன் சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் பெருகி விலை வீழ்ந்ததனால் அவை நலிவுற்று, அவற்றின் இடத்தை ரப்பர் பிடித்தது. காப்பிக்கும் கொக்கோவுக்கும் நிழல் தரும் மரமாக உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்டது முள்முருங்கை இனமே. மேற்கிந்தியத் தீவுகளில் இதனைக் கொக்கோவின் தாய் என்றே அழைத்தனர்.

இலங்கையின் மலைநாட்டில் 1869-இல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலை நிரைகளின் நடுவே டாடாப் மரங்கள் நடப்பட்டன. ஆண்டில் சில முறை அவற்றின் கிளைகளைக் கழித்து, தழையைத் தேயிலைச் செடியின் அடியில் பரப்புவது வழக்கமாயிற்று. அந்த வேலையைச் செய்த கைகள் தமிழ்த் தொழிலாளர்களின் கைகளே. விஞ்ஞானம் நைட்ரஜன் என்று சொல்லும் பொருளை அவர்கள் பசுந்தழை என்று அறிந்திருந்தனர். பெயர் வேறாயினும் பயன் ஒன்றே.

நம் கோலசிலாங்கூர்க் கரையோரத்திற்கும் இம்மரம் அயலானதன்று. முள்முருங்கை இயல்பாகவே கடற்கரைகளை நாடும் மரம். அதன் விதை உப்பு நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லவல்லது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் தீவுகளிலும் இது பரவியிருப்பதற்கு அதுவே காரணமாகும். நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்குமுன்பே, விதைகள் தாமே கடல் கடந்து பயணம் செய்திருந்தன எனலாம்.

இல்லத்தில் முள்முருங்கை

இனி, இல்லங்களில் இம்மரம் பெற்றுள்ள இடத்தைக் காண்போம்.

திருமணத்திற்கு முன் பந்தக்கால் நடுகின்றோம். தமிழகத்தின் பல பகுதிகளில் அரசாணிக்கால் என்று அரசங்கிளையுடன் கல்யாண முருங்கைக் கிளையும் சேர்த்துக் கட்டுவர். யாழ்ப்பாணத்தில் முள்முருக்குக் கிளையே கன்னிக்காலாக நடப்படுகின்றது. சுமங்கலிப் பெண்கள் அதற்கு நீரும் பாலும் வார்ப்பர். பிற மரக்கிளைகள் பல வெட்டிய சில நாட்களில் வாடி உலர்ந்துவிடும். முள்முருங்கைக் கிளையோ ஈரமண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துத் தளிர்க்கும். மணமக்கள் வாழ்வும் அவ்வாறே புது மண்ணில் வேரூன்ற வேண்டும் என்பது முன்னோர் கருத்து. வெறும் சடங்கென்று இதனை ஒதுக்கிவிடாமல், பந்தல் பிரித்தபின் அக்கிளையை எறிந்துவிடாமல், வீட்டின் ஓரத்தில் நட்டுவைப்பது சாலச் சிறந்தது.

வெற்றிலைக் கொடி படர்வதற்கு முள்முருங்கை ஏற்ற கொழுகொம்பு. தமிழகத்துக் கொடிக்கால்களில் அகத்தியுடன் இதனையும் நடுவர். மரப்பட்டை சற்றே சொரசொரப்பாக இருப்பதனால் கொடியின் வேர்கள் எளிதில் பற்றுகின்றன. இலை அடர்த்தி மிகாமல் மிதமான நிழல் கிடைக்கின்றது. கேரளத்திலும் குடகிலும் மிளகுக் கொடிகளை இதன்மேல் ஏற்றுவர். வீட்டில் ஒரு மிளகுக் கொடி இருந்தால் இரசத்திற்குக் கடையை நாட வேண்டுவதில்லை.

தாய்மார்கள் கல்யாண முருங்கை இலையை அரிசியுடன் அரைத்து, மிளகும் சீரகமும் சேர்த்து அடையாகச் சுட்டுக் கொடுப்பதுண்டு. சளியும் இருமலும் உள்ள பிள்ளைகளுக்கு அது நல்லது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. மலாய் அன்பர்களும் ஜாவா வழியினரும் இவ்வினத்தின் இலையைக் கசக்கி, காய்ச்சலுற்ற குழந்தையின் நெற்றியில் பற்றாக இடுவர். வியட்நாம் மக்கள் புளிக்கவைத்த இறைச்சியை இவ்விலையில் பொதிந்து வைப்பர். இவ்வாறு இனம் பல வேறாயினும் ஒரே இலையைப் பலரும் பயன்படுத்துகின்றனர். பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியும் நம் வீட்டுப் பாட்டியும் ஒரு மரத்தடியில் நின்று பேசுவதற்கு இதைவிட நல்ல பொருள் வேண்டுமோ?

கவனிக்க வேண்டிய தீமைகள்

நன்மையை மட்டும் கூறித் தீமையை மறைத்தல் அறிவுடைமையாகாது.

முதலாவது, விதை. முள்முருங்கையின் விதை நஞ்சுடையது. அதிலுள்ள பொருள்கள் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடும் ஆற்றல் கொண்டவை. மிகுந்தால் தசைகள் செயலிழக்கும், மூச்சும் தடைப்படும். பிள்ளைகள் சிவந்த விதை எதனையும் மணியென்று பொறுக்கி விளையாடுவர். ஆகவே மூன்று விதைகளை வேறுபடுத்தி அறிவது நல்லது. தட்டை வடிவில் முழுதும் பளபளக்கும் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. மலாய் மொழியில் சாகா. சிவப்பு மணியில் கரும்புள்ளி உள்ளது குன்றிமணி. அது மிகக் கொடிய நஞ்சு. அவரை விதை வடிவில் கருஞ்சிவப்பாக இருப்பது முள்முருங்கை. இவற்றில் எதனையும் பிள்ளைகள் வாயில் போடலாகாது. மென்றோ உடைத்தோ விழுங்கிவிட்டால், வீட்டு வைத்தியம் செய்து காலம் போக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விழுங்கிய விதையின் மாதிரி கையில் இருப்பின் அதனையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

இரண்டாவது, காய்ச்சல். இலைப்பற்று உடலுக்குக் குளிர்ச்சி தரலாம். ஆனால் டிங்கிக் காய்ச்சலுக்கு அது மருந்தாகாது. இரண்டு நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, சோர்வு ஆகியவை தோன்றினாலோ, அரசாங்க மருந்தகத்தை நாடுவதில் காலதாமதம் செய்யலாகாது. பாட்டியின் அறிவையும் மருத்துவரின் அறிவையும் எதிரெதிராக நிறுத்துவதை விட்டு, அதனதன் இடத்தில் பயன்படுத்துவதே விவேகம்.

மூன்றாவது, மரத்தின் வலிமைக் குறைவு. விரைந்து வளரும் மரமாதலால் கட்டை மிக மென்மையானது. பலத்த காற்றில் கிளை முறியும். ஆகவே கூரைக்கும், மின்கம்பிக்கும், பிள்ளைகள் விளையாடும் இடத்திற்கும் அருகில் இதனை நெடிது வளரவிடலாகாது. ஆண்டுதோறும் கிளை கழித்துவந்தால் இவ்வாபத்து இல்லை. கழித்த தழையும் உரமாகும்.

சின்னஞ்சிறு பகைவன்

இப்பொழுது, உரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முள்முருங்கையின் தளிரும் இலைக்காம்பும் வீங்கி, இலை சுருண்டு, மரம் முழுவதும் கரணை கரணையாக உருமாறியிருப்பதை எங்கேனும் கண்டால், அது தெய்வக் குற்றமும் அன்று, கண்ணேறும் அன்று. அது ஒரு சிறு குளவியின் வேலை. அக்குளவியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். ஓர் எள்ளைவிடச் சிறியது. பெண் குளவி இளந்தளிருக்குள் முட்டையிடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு உள்ளேயே தின்று வளர, மரத்தின் திசு வீங்கிக் கரணையாகின்றது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் புதிய குளவி துளையிட்டு வெளியேறுகின்றது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதனால் மரம் இலையின்றி மெலிந்து, இறுதியில் பட்டும் போகின்றது.

இப்பூச்சி அறிவியல் உலகிற்கு அறிமுகமானதே 2004-ஆம் ஆண்டில்தான். சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் ஆகிய இடங்களில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு அவ்வாண்டில் அதற்குப் பெயரிட்டனர். 2003-இல் தைவானிலும், 2005-இல் ஹவாயிலும், அதே ஆண்டில் கேரளத்திலும் இது காணப்பட்டது. வயநாட்டில் மிளகுக் கொடியைத் தாங்கிநின்ற மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. தாங்கிநின்ற மரம் சாய்ந்தபோது, பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த கொடியும் உடன் சாய்ந்தது. மிளகை நம்பிய குடும்பங்களின் வருவாயும் குன்றியது. எள்ளினும் சிறிய உயிர் ஒன்று இத்தனை வீடுகளின் அடுப்பைத் தொட்டுவிட்டது.

ஹவாய் மக்கள் என்ன செய்தனர்? நஞ்சு தெளித்து மட்டும் இதனை வெல்ல இயலாது என்று உணர்ந்து, இப்பூச்சியின் பூர்வீகமான கிழக்கு ஆப்பிரிக்காவில் அதற்கு இயற்கைப் பகைவன் உண்டா என்று தேடினர். கரணைக்குள் இருக்கும் புழுக்களைத் தின்று வளரும் மற்றொரு சிறு குளவியை டான்சானியாவில் கண்டனர். அது பிற உயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்பதைப் பல சோதனைகளால் ஆராய்ந்து, 2008 நவம்பரில் அதனை வெளியில் விட்டனர். அதன்பின் அங்கு மரங்கள் பல மீண்டும் தளிர்க்கத் தொடங்கின. பொறுமையும் ஆராய்ச்சியும் ஒருங்கே நின்றால் பலன் கிட்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நாம் செய்யக்கூடியவை எளியவை. கரணை கண்ட கிளைகளை உடனே வெட்டி, பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டிச் சில நாட்கள் வெயிலில் வைத்துப் பின்னர் ஆழப் புதைத்துவிட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் பொதுவாகத் தடை செய்கின்றது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நோயுற்ற மரத்தின் கிளையை நடுவதற்கோ, பந்தக்காலுக்கோ வேறு ஊருக்கு எடுத்துச் செல்லாதீர்கள். கிளையோடு பூச்சியும் பயணம் செய்யும். வீக்கம் கண்டால் அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் தெரிவித்து ஆலோசனை பெறுங்கள். கண்ட மருந்தையெல்லாம் வாங்கித் தெளிப்பது பணத்திற்கும் கேடு, தேனுக்கு வரும் பறவைக்கும் கேடு.

நடும் முறை

நோயற்ற மரத்திலிருந்து, மணிக்கட்டளவு பருமனுள்ள முற்றிய கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம் ஐந்து முதல் எட்டு அடி வரை இருக்கலாம். பட்டை நசுங்காமல் கூரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுதல் நலம். வெட்டியவுடன் நடாமல், சில நாட்கள் நிழலில் நிமிர்த்தி வைத்தால் வெட்டுவாய் உலர்ந்து ஆறும், அழுகல் குறையும். மழை தொடங்கும் வேளையில் ஒன்றரை அடி ஆழக் குழியில் ஊன்றி, மண்ணை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும். நீர் தேங்கும் இடம் ஆகாது. முதலாண்டில் கிளை கழிக்காமல் வேர் ஊன்ற விடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கழித்து, தழையை வாழைக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் அடியில் பரப்புங்கள்.

2021, 2022-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் இரசாயன உரத்தின் விலை ஏறியபோது, சிறு காய்கறித் தோட்டம் வைத்திருந்தோர் பட்ட துன்பம் நமக்கு மறக்கவில்லை. வேலியில் நான்கு முள்முருங்கை நிற்கும் வீட்டுக்காரர், உரத்தில் ஒரு பகுதியையேனும் விலையின்றிப் பெறுவார். முழுவதையும் அது ஈடுசெய்யும் என்று நாம் கூறவில்லை. சாம்பல் சத்தும் மணிச்சத்தும் வேறு வழியில் கொடுக்கத்தான் வேண்டும். ஆயினும் கைக்குக் கிட்டும் செல்வத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்குவது அறிவுடைமையாகாது.

தோட்டத்திற்குச் சொந்தமான நிலத்தில் நட விரும்புவோர் முன்கூட்டியே நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுங்கள். ஆலய வளாகத்திலும் தமிழ்ப்பள்ளி வேலியிலும் நடலாம். ஆனால் முள்ளும் விதையும் உள்ளமையால், சிறு பிள்ளைகள் புழங்கும் பக்கத்தைத் தவிர்த்து, ஆசிரியர்களின் மேற்பார்வையில் நடுவதே முறை. மாணவர்கள் இம்மரத்தை வைத்தே நிறையக் கற்கலாம். எந்த மாதத்தில் இலை உதிர்ந்தது, எந்நாளில் முதற்பூ மலர்ந்தது, எந்தெந்தப் பறவை வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால், அதுவே சிறந்த இயற்கைப் பாடமாகும்.

எடுத்துச் செல்லத்தக்க மரம்

அன்பர்களே, வட சிலாங்கூரில் தோட்டங்களின் தோற்றம் நம் கண்ணெதிரே மாறிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்தில் பிறந்தவர்கள் இன்று மாடிக் குடியிருப்புகளிலும் மலிவு விலை வீடுகளிலும் வாழ்கின்றனர். இடம் பெயரும்போது பாத்திரமும் படுக்கையும் சாமிப் படமும் எடுத்துச் செல்கின்றோம். தோட்டத்து மரங்களை எடுத்துச் செல்ல இயலுவதில்லை. புளியும் மாவும் வேப்பும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பின்னர் இயந்திரம் வந்து அவற்றைச் சாய்த்துவிடுகின்றது.

முள்முருங்கை மட்டும் அவ்வாறன்று. ஒரு கிளையை வெட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். புது வீட்டின் ஓரத்தில் ஒரு முழ இடம் இருந்தால் போதும். நிலமே இல்லாத மாடிவாசிகள், குடியிருப்போர் சங்கத்தின் இசைவுடன் பொது வெளியில் ஒன்றை ஊன்றிப் பேணலாம். பழைய லயத்து மரத்தின் உயிரே புதிய இடத்தில் தொடர்கின்றது. விதையிலிருந்து முளைத்த மரம் தாய்மரத்தின் பிள்ளை. கிளையிலிருந்து தளிர்த்த மரமோ தாய்மரமேயாகும். பாட்டியின் திருமணத்தில் ஊன்றிய கால், பேத்தியின் திருமணத்திற்கும் கிளை தரக்கூடும்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வன மூன்று. உங்கள் குடியிருப்பில் எஞ்சியுள்ள முள்முருங்கை எத்தனை என்று இவ்வாரமே எண்ணிப் பாருங்கள். அவற்றுள் நோயுற்றவை எவை, நலமாக உள்ளவை எவை என்று இளைஞர்களைக் கொண்டு குறித்து வையுங்கள். நலமானதொன்றிலிருந்து, மழை வந்தவுடன் குடும்பத்திற்கு ஒரு கிளையேனும் நடுங்கள். இடம் பெயரும் நாள் அறிவிக்கப்பட்ட பின் கிளை தேடுவதைவிட, இன்றே நட்டுப் பெருக்கி வைத்திருப்பது நலம்.